மழைக்கு முன்னும் பின்னும்: ஒரு சிறுநகரத்தின் பருவகாலப் பணிகளில் சாதி எங்கே இருக்கிறது?

ஒவ்வோர் ஆண்டும் ஆவணி பிறந்ததும் தமிழகத்தின் சிறுநகரங்களிலிருந்து ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கும். ‘வடகிழக்குப் பருவமழை முன்னெச்சரிக்கைப் பணிகள் தீவிரம்’ என்பது தலைப்பாக இருக்கும். உடன் வெளியாகும் படத்தில் மேயரோ நகர்மன்றத் தலைவரோ ஆணையரோ வாய்க்காலின் கரையில் நின்று கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருப்பார். வாய்க்காலுக்குள் இடுப்பளவு கறுப்புச் சேற்றில் நான்கைந்து பேர் நின்றிருப்பார்கள். கரையில் நிற்பவர்களின் பெயரும் பதவியும் செய்தியில் இருக்கும். உள்ளே நிற்பவர்களுக்குப் பெயர் இருக்காது. ‘பணியாளர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும்.

பருவகாலப் பணிகள் சாதிக்கு அப்பாற்பட்டவை, மழை எல்லோருக்கும் பொதுவானது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. மழை பொதுவானதுதான். ஆனால் எந்தத் தெருவில் வடிகால் கட்டப்படுகிறது, அந்த வடிகால் எங்கே போய் முடிகிறது, அதைத் தூர்வார யார் இறங்குகிறார்கள், அதற்கான பணத்தை யார் ஒதுக்குகிறார்கள் என்பவை நகராட்சியின் முடிவுகள். முடிவுகள் உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு. அந்த முடிவுகள் எப்போது, எப்படி எடுக்கப்படுகின்றன, சட்டம் என்ன சொல்கிறது, களத்தில் இருப்பவர்கள் எங்கே தலையிட முடியும் என்பதைக் கடலூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

கடலூரை ஏன் எடுத்துக்கொள்கிறோம்?

கடலூர், 2021இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட ஊர். 45 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1.73 லட்சம். பெயரளவில் மாநகராட்சி என்றாலும் வருவாயிலும் ஆள்பலத்திலும் இன்னும் ஒரு சிறுநகரம்தான். வடக்கே தென்பெண்ணை, நகரத்தின் நடுவே கெடிலம், தெற்கே முதுநகர்ப் பக்கம் உப்பனாறும் பரவனாறும், கிழக்கே கடல். நாலாபுறமும் நீர் சூழ்ந்த, உயரம் குறைந்த நிலம். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் பெய்கிறது. கடலோர மாவட்டங்களில் அந்தப் பங்கு இன்னும் அதிகம்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 நவம்பரில் பெருவெள்ளம், 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் என இருபது ஆண்டுகளில் இந்நகரமும் மாவட்டமும் கண்ட பேரிடர்கள் பல. ஃபெஞ்சலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. இவ்வளவு அனுபவம் உள்ள ஊரில் பருவகாலப் பணி என்பது வழக்கமான சடங்கு அன்று. உயிர் பிழைப்பதற்கான ஏற்பாடு. கடலூரில் தெரியும் இந்த அமைப்பு, நாகப்பட்டினம், சிதம்பரம், மயிலாடுதுறை போன்ற ஊர்களுக்கும் பெரிதும் பொருந்தும்.

நகராட்சியின் ஆண்டு

நமக்கு ஆண்டு சித்திரையில் தொடங்குகிறது. நகராட்சிக்கு அது வரவு செலவுத் திட்டத்தில் தொடங்குகிறது. நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வரும் மழைக்காலத்தில் எந்த வடிகால் கட்டப்படும் என்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய தை, மாசி மாதங்களிலேயே, மழையின் நினைவே இல்லாத வெயிலில், மதிப்பீடாகத் தாளில் ஏறிவிடுகிறது. மழை வந்து தெரு மூழ்கிய பிறகு நாம் நடத்தும் சாலை மறியல், அந்த ஆண்டின் முடிவை மாற்றுவது அரிது. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கோடையில் குடிநீர்ப் பற்றாக்குறை. குழாய் எட்டாத தெருக்களுக்கு லாரியில் தண்ணீர் போகிறது. அந்த லாரி எந்தத் தெருமுனையில் நிற்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதிலேயே ஊருக்கும் சேரிக்கும் உள்ள தூரத்தை அளந்துவிடலாம். ஆடி முதல் புரட்டாசி வரை வாய்க்கால் தூர்வாருதல், கொசுப்புழு ஒழிப்பு, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி சுத்தம் செய்தல், குளோரின் கலத்தல். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை: மின்மோட்டார் வைத்து நீர் இறைத்தல், விழுந்த மரங்களை அகற்றுதல், பள்ளிகளையும் சமுதாயக் கூடங்களையும் முகாம்களாக்குதல், காய்ச்சல் முகாம்.

இவற்றோடு பண்டிகைகளும் சேர்கின்றன. ஆயுத பூசைக்குப் பின் வாழைக்கன்றும் பூசணியும், தீபாவளிக்குப் பின் பட்டாசுக் குப்பை, போகிக்குப் பின் சாம்பல். கடலூரில் தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா, மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரி. மறுநாள் காலையில் ஆற்று மணலும் கடற்கரையும் தூய்மையாகிவிடுகின்றன. தானாக ஆவதில்லை. மற்றவர்களுக்கு விடுமுறையாக இருக்கும் நாள்களே தூய்மைப் பணியாளருக்குக் கூடுதல் சுமை விழும் நாள்கள். தமிழகத்தில் இந்தப் பணியில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர்: மேற்கு, தெற்கு மாவட்டங்களில் அருந்ததியர், வட மாவட்டங்களில் ஆதிதிராவிடர், சில ஊர்களில் பழங்குடியினரும் உண்டு. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின்கீழ் 2024 வரை நாடு முழுவதும் விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 கழிவுநீர், மலக்குழித் தொழிலாளர்களில் 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பட்டியல் பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 விழுக்காடு.

வாய்க்காலுக்குள் இறங்குவது: சட்டத்தின் சொற்கள்

மழைக்கு முந்தைய தூர்வாரலில் மனிதரை இறக்குவது குறித்துக் கேள்வி எழுப்பினால் அதிகாரிகளிடமிருந்து வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: ‘இது மழைநீர் வடிகால்; பாதாளச் சாக்கடை அன்று. எனவே கையால் மலம் அள்ளும் தடைச் சட்டம் இங்கே பொருந்தாது.’ இந்தப் பதிலைச் சற்று நிதானமாகச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

கையால் மலம் அள்ளும் பணியாளர்களை அமர்த்துவதைத் தடை செய்யும் சட்டம் 2013 டிசம்பர் 6 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 7ஆம் பிரிவு, பாதாளச் சாக்கடையையும் மலக்குழியையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரையும் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். பிணையில் விட முடியாத குற்றம். பாதாளச் சாக்கடை என்பதற்குச் சட்டம் தரும் பொருள் நிலத்தடிக் குழாய் என்பதால், திறந்த வடிகால் இந்தப் பிரிவுக்குள் நேரடியாக வராது. அதிகாரிகளின் பதில் நிற்பது இந்த ஒரு காலில்தான்.

ஆனால் அதே சட்டத்தின் வரையறைப் பகுதி வேறொன்றையும் சொல்கிறது. மலம் மட்கும் முன்னரே திறந்த வாய்க்காலிலோ குழியிலோ விடப்பட்டு, அங்கே மனிதக் கையால் அகற்றப்பட வேண்டிய நிலையை உண்டாக்கும் கழிப்பறை, ‘சுகாதாரமற்ற கழிப்பறை’. அந்த வாய்க்காலிலோ குழியிலோ மனித மலத்தைக் கையாள அமர்த்தப்படுபவர், சட்டத்தின் பார்வையில் கையால் மலம் அள்ளும் தொழிலாளி. பாதாளச் சாக்கடை இணைப்பு எட்டாத வீடுகளிலும் கடைகளிலும் விடுதிகளிலும் கழிப்பறைக் குழாயை மழைநீர் வடிகாலில் சொருகிவிடுவது நம் சிறுநகரங்களில் ஊரறிந்த செய்தி. அப்படியானால் அந்த வடிகாலில் இறங்கி வண்டலை அள்ளுபவர் அள்ளுவது மண்ணை மட்டுமா? பலகையில் மழைநீர் வடிகால் என்று எழுதியிருக்கலாம். அதில் ஓடுவது எது என்பதே சட்டத்தின் கேள்வி.

மேலும், 33ஆம் பிரிவு உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒரு கடமையை விதிக்கிறது. பாதாளச் சாக்கடை, மலக்குழி ஆகியவற்றோடு நில்லாமல், தம் பொறுப்பிலுள்ள பிற இடங்களைச் சுத்தம் செய்யவும் உரிய இயந்திரங்களைப் பயன்படுத்தி, மலத்தைக் கையால் தொட வேண்டிய தேவையையே ஒழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதோடு, பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் கையால் மலம் அள்ளும் பணியில் ஈடுபடுத்துவதை வன்கொடுமையாக்கியது. இச்சட்டங்களைச் சேர்த்து வாசித்தால், ‘இது வெறும் வடிகால்’ என்ற பதிலுக்கு எஞ்சும் இடம் மிகக் குறைவு.

உயிரிழப்பு நேர்ந்தால் என்ன? 1993 முதல் பாதாளச் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர உடற்குறைபாடு ஏற்பட்டால் குறைந்தது 20 லட்சம். பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும் 2019 முதல் 2023 வரை நாடு முழுவதும் குறைந்தது 377 பேர் இறந்ததாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. 1993 முதலான கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. இந்த எண்ணிக்கையில் மழைநீர் வடிகாலில் கண்ணாடி கிழித்தும் விஷப்பூச்சி கடித்தும் நோய் தொற்றியும் வீழ்ந்தவர்கள் சேர மாட்டார்கள். வடிகால் என்ற சொல் அவர்களைக் கணக்கிலிருந்தும் வெளியேற்றிவிடுகிறது.

பருவத்துக்கு ஓர் ஆள்

நிரந்தரப் பணியிடங்கள் சுருங்கி வரும் நிலையில், பருவகாலப் பணிகளை இன்று பெரிதும் தாங்கிப் பிடிப்பவர்கள் ஒப்பந்தப் பணியாளர்களும் தினக்கூலிகளும். கொசுப்புழு ஒழிப்புக்கு வீடு வீடாகச் சென்று தொட்டியை எட்டிப் பார்ப்பவர்களில் பலர் பெண்கள். காய்ச்சல் பரவும்போது வேலை, காய்ச்சல் குறைந்தால் வேலையும் குறையும். 2022 அக்டோபரில் வெளியான அரசாணை 152, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளின் பணியமைப்பை மாற்றி, அடிநிலைப் பணிகளை வெளி முகமைகளிடம் விடும் பாதையை அகலமாக்கியது என்பதாலேயே தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்து வருகின்றன. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் நடத்திய போராட்டமும், நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டதும் நமக்கு நினைவிருக்கும். அங்கே எழுந்த கேள்விதான் சிறுநகரங்களிலும் ஒலிக்கிறது: ஆண்டு முழுவதும் தேவைப்படும் வேலைக்கு ஏன் பருவத்துக்கு ஓர் ஆள்?

இதன் விளைவுகள் கண்கூடானவை. பருவத்துக்கு அமர்த்தப்படுபவருக்கு எந்த மூடியின் கீழ் நச்சுவாயு தேங்கும், எந்த வாய்க்காலில் கண்ணாடி கிடக்கும் என்ற ஊரறிவு இருக்காது. காலுறையும் கையுறையும் ‘நிரந்தரப் பணியாளர்களுக்கு வழங்கியாயிற்று’ என்று பதிவேட்டில் முடிந்துவிடும். காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போய்விடும். மாவட்ட ஆட்சியர் நிர்ணயிக்கும் தினக்கூலிக்கும் கையில் கிடைக்கும் தொகைக்கும் இடையே ஒப்பந்ததாரர் நிற்பார். இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால், முதன்மை வேலை அளிப்பவர் என்ற முறையில் அதைத் தர வேண்டிய கடமை உள்ளாட்சி அமைப்பைச் சேரும். ‘அது ஏஜென்சி விவகாரம்’ என்று எந்த அலுவலகமும் கைகழுவ முடியாது. தொழிலாளர் ஈட்டுறுதிக் காப்பீட்டு எண்ணும் வருங்கால வைப்புநிதி எண்ணும் தொழிலாளியின் கையில் இருக்கின்றனவா என்று கேட்பதிலிருந்தே ஒரு சங்கப் பணியைத் தொடங்கலாம்.

பேரிடர் நேரும்போது இந்த ஏற்பாடு மாவட்ட எல்லைகளையும் தாண்டுகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கரையில் அழுகத் தொடங்கிய உடல்களை அகற்றிப் புதைத்தவர்கள் பிற நகராட்சிகளிலிருந்து அழைத்து வரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் சென்னையின் குப்பைமலையை அள்ள மேற்கு மாவட்டங்களிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் பணியாளர்கள் வண்டிகளில் கொண்டுவரப்பட்டார்கள். அந்த நாள்களில் தன்னார்வலர்களின் பெருந்தன்மை நாளிதழ்களை நிறைத்தது. தம் சொந்த வீட்டை மழையில் விட்டுவிட்டு வந்தவர்களின் உழைப்பு, ‘அரசு இயந்திரம் முடுக்கிவிடப்பட்டது’ என்ற வரிக்குள் புதைந்துபோயிற்று.

வடிகால் எங்கே முடிகிறது?

இனி, கட்டுமானத்துக்கு வருவோம். மழைநீர் வடிகாலுக்கு அடிப்படை சரிவு. உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கு நீர் ஓட வேண்டும். இறுதியில் ஓர் ஆற்றிலோ குளத்திலோ கடலிலோ சேர வேண்டும். பணம் குறைவாக உள்ள நகராட்சி, பணியைத் துண்டு துண்டாகச் செய்கிறது. முதலில் பெரிய வீதி, அடுத்து கடைத்தெரு, அடுத்து வரி தரும் நகர்கள். கடைசித் துண்டு, அதாவது நீர் சென்று சேரும் பகுதி, ‘அடுத்த கட்டத்தில்’ என்று தள்ளப்படுகிறது. கட்டி முடித்த வடிகால் முன்பைவிட வேகமாக நீரைக் கொண்டுவந்து, கட்டப்படாத இடத்தில் கொட்டுகிறது.

கட்டப்படாத அந்த இடம் பெரும்பாலும் எது? ஊரின் தாழ்வான மூலை, ஆற்றுப் படுகை, குளத்தின் உள்வாய், சுடுகாட்டை ஒட்டிய நிலம். தலைமுறைகளாகத் தலித் மக்களுக்கு ஊர் விட்டுவைத்த நிலம் அதுதான். இருளர் குடும்பங்கள் ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் குடிசை போட்டிருப்பதும் இதே காரணத்தால்தான். பொறியாளர் எவரும் சாதி பார்த்து மட்டம் எடுக்கத் தேவையில்லை. குடியிருப்பை எங்கே அமைக்கலாம் என்பதைச் சாதி முன்னரே முடிவு செய்துவிட்டது. கட்டுமானத்தின் வரிசையை வரியும் செல்வாக்கும் முடிவு செய்கின்றன. மீதியை நீரின் இயல்பு செய்து முடிக்கிறது.

இதன் விலை என்ன என்பதை 2015 நவம்பர் 9 காட்டியது. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடைக்கு அருகிலிருந்த தலித் குடியிருப்பை வெள்ளம் அடித்துச் சென்றதில் பத்துப் பேர் உயிரிழந்தார்கள். அது நகராட்சிப் பகுதி அன்று, கிராமம். ஆனால் ஓடையின் ஓரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்ற கேள்விக்குக் கிராமத்திலும் நகரத்திலும் பதில் ஒன்றாகவே இருக்கிறது.

மழைக்காலத்தில் இன்னொரு பாதையும் மூழ்குகிறது: சுடுகாட்டுப் பாதை. இடுப்பளவு நீரில் பாடையைத் தோளில் சுமந்து செல்லும் காட்சி வடகிழக்குப் பருவமழையின் ஆண்டுக் காட்சிகளுள் ஒன்றாகிவிட்டது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாதை மறுக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிற்றில் கட்டி இறக்க நேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் அட்டவணை நகராட்சிகளுக்குரியவையாகப் பட்டியலிடும் 18 பணிகளில் இடுகாடும் சுடுகாடும் 14ஆவது. குடிசைப் பகுதி மேம்பாடு 10ஆவது. நலிந்த பிரிவினரின் நலன் காத்தல் 9ஆவது. ஆகவே சுடுகாட்டுப் பாதைக்குச் சிறுபாலம் கேட்பவர் சலுகை கேட்கவில்லை. அட்டவணையில் உள்ள பணியைச் செய்யச் சொல்கிறார்.

பணத்தின் வழி

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, பொதுப்பணிகளுக்கு வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி கோரப்பட வேண்டும் என்கிறது. ஆனால் இயற்கைப் பேரிடர் காலத்திலும் அரசு அறிவிக்கும் அவசரநிலையிலும் அதிலிருந்து விலக்கு உண்டு. வெள்ளத்தின் நடுவே மோட்டார் வாங்க மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது என்பதால் விலக்கில் நியாயம் இருக்கிறது. சிக்கல் வேறிடத்தில். ஆனியில் முறையாகச் செய்திருக்க வேண்டிய தூர்வாரலைத் தள்ளிப்போட்டால், ஐப்பசியில் அதுவே அவசரப் பணியாகிவிடுகிறது. அவசரத்தில் அளவும் தரமும் யாரும் சரிபார்ப்பதில்லை. அள்ளிய வண்டலைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவார்கள். அடுத்த மழையில் அது வாய்க்காலுக்கே திரும்பும். ஒரே மண்ணுக்கு இருமுறை பணம் போகும். ஒரே தொழிலாளி இருமுறை இறங்குவார்.

இன்னொரு பக்கம், தலித் குடியிருப்புகளுக்கென உள்ள நிதி. தமிழக மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, பழங்குடியினர் 1.1 விழுக்காடு. துணைத்திட்ட நிதி இந்த விகிதத்தில் ஒதுக்கப்பட வேண்டும், பிற செலவுகளுக்குத் திருப்பப்படக் கூடாது என்ற நெடுநாள் கோரிக்கையின் விளைவாக, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கெனத் தமிழக அரசு 2024இல் தனிச் சட்டம் இயற்றியது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்காக ஐந்தாண்டுகளில் 1,000 கோடி ரூபாய் செலவிடும் அயோத்திதாசப் பண்டிதர் பெயரிலான திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. அறிவிப்புகள் இருக்கின்றன. நம் நகரத்தில் எந்தத் தெருவுக்கு, எந்த ஆண்டு, எவ்வளவு வந்தது என்று கேட்கும் வேலை நம்முடையது. நகரம் முழுவதற்குமான சாலையையோ வடிகாலையோ காட்டி, ‘இதில் ஆதிதிராவிடரும் பயனடைகிறார்கள்’ என்று கணக்கெழுதுவது பழைய பழக்கம். தெருப்பெயரோடு கேட்டால்தான் அந்தக் கணக்கு உடையும்.

எங்கே, எப்போது கேட்பது?

தனித்தொகுதி வார்டுகள் அரசமைப்புச் சட்டத்தின் 243டி பிரிவு தந்த உரிமை. 2022 பிப்ரவரி 19இல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தலித் உறுப்பினர்களும், 50 விழுக்காடு இடஒதுக்கீட்டால் பெண்களும் மன்றங்களுக்குள் வந்தார்கள். ஆனால் உறுப்பினர் ஒருவர் மன்றத்தில் தனியாகப் பேசினால் அது கோரிக்கை. வார்டு மக்களின் தீர்மானத்தோடும் தெருவாரியான கணக்கோடும் பேசினால் அது பதிவு. அந்தத் தீர்மானத்துக்கான இடம் பகுதி சபை. தமிழகத்தின் நகர்ப்புறங்களில் முதன்முதலாக 2022 நவம்பர் 1இல் கூட்டப்பட்ட இச்சபைகளைப் பற்றிப் பெரும்பாலான வாக்காளர்களுக்கு இன்றும் தெரியாது. தெரியாத சபையில், தெரிந்தவர்கள் மட்டுமே பேசுவார்கள்.

மாணவர்களும் இயக்கத் தோழர்களும் ஓராண்டு முழுவதும் செய்யக்கூடிய வேலையைப் பருவத்தோடு பொருத்திச் சொல்கிறோம்.

வைகாசி, ஆனியில்: தூர்வார வேண்டிய வாய்க்கால்களின் பட்டியல், நீளம், மதிப்பீடு, ஒப்பந்ததாரர், பயன்படுத்தப்படும் இயந்திரம் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். உயிர் தொடர்பான தகவலாயின் 48 மணி நேரம்.

ஆவணி, புரட்டாசியில்: அதே சட்டத்தின் 2ஆம் பிரிவில் உள்ள ஓர் உட்பிரிவு, ஆவணங்களோடு பணியையே நேரில் பார்வையிடவும், கட்டுமானப் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. இதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. பட்டியலில் உள்ள வாய்க்காலின் கடைசி நூறு மீட்டரைச் சென்று பார்த்தால் போதும். பாதி உண்மை அங்கே தெரிந்துவிடும். மனிதர் இறக்கப்படுவதைக் கண்டால் இடம், நாள், நேரம், எந்தப் பணி, யார் மேற்பார்வை என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொழிலாளியின் முகத்தைப் படம் பிடித்து வலைத்தளத்தில் இடுவது அவருடைய வேலையைப் பறித்துவிடக்கூடும். அவரைக் கேட்காமல் எதையும் வெளியிடக் கூடாது. பாதாளச் சாக்கடை, மலக்குழி என்றால் 14420, வன்கொடுமை என்றால் 14566 என்ற எண்களில் புகார் பதியலாம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: எந்தத் தெருவில் எத்தனை நாள் நீர் நின்றது, மோட்டார் எப்போது வந்தது, முகாமில் யாருக்கு இடம் கிடைத்தது, நிவாரணப் பட்டியலில் யார் விடுபட்டார்கள் என்பதைத் தெருவாரியாக எழுதி வைக்க வேண்டும். ஆழிப்பேரலைக் காலத்தில் முகாம்களிலும் நிவாரணத்திலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டது அன்றைய களப்பதிவுகளால்தான் உலகுக்குத் தெரிந்தது. பட்டா இல்லாத குடிசைகளும் குடும்ப அட்டை இல்லாத இருளர் குடும்பங்களும் பட்டியலிலிருந்து முதலில் உதிர்பவை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அழைத்த நேரத்தையும் கிடைத்த பதிலையும் குறித்து வைப்பது பின்னாளில் சான்றாகும்.

தை, மாசியில்: இந்தக் குறிப்பேட்டோடு பகுதி சபைக்கும் வார்டு உறுப்பினரிடமும் செல்ல வேண்டும். வரவு செலவுத் திட்டம் எழுதப்படும் நேரம் அது. கோரிக்கைகளைச் சுருக்கமாக வைக்கலாம்: நீர் சென்று சேரும் முனையிலிருந்து வடிகால் பணியைத் தொடங்க வேண்டும், வடிகாலில் சொருகப்பட்ட கழிப்பறைக் குழாய்களைக் கணக்கெடுத்து அகற்ற வேண்டும், தூர்வாரலுக்கான இயந்திர வாடகையை மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும், பருவப் பணியாளருக்கும் பாதுகாப்புக் கருவி, காப்பீடு, நோய்விடுப்புக் கூலி வேண்டும், சுடுகாட்டுப் பாதையை உயர்த்த வேண்டும்.

இவற்றில் எதுவும் புதிய சட்டம் கேட்கவில்லை. இருக்கும் சட்டத்தை, இருக்கும் அட்டவணையை, இருக்கும் நிதியைத் தெருவின் பெயரோடு சேர்த்துக் கேட்கிறது. கடைசித் தெருவிலிருந்து வடிகால் பணியைத் தொடங்கச் சொல்வது பொறியியலின்படியும் சரியானது. அங்கிருந்து தொடங்கினால் மேலே உள்ள தெருக்களின் நீரும் வழி கண்டுகொள்ளும். சேரி மூழ்காத நகரத்தில் கடைத்தெருவும் மூழ்காது. வரும் ஆனியில் நம் வார்டின் தூர்வாரல் பட்டியலைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுவோம். அதில் நம் தெருவின் பெயர் இல்லையென்றால், ஏன் இல்லை என்பது இரண்டாவது விண்ணப்பத்தின் கேள்வியாகட்டும்.